இடுப்பில் வைத்த கை

ஆண்கள் தண்ணீரில் இறங்கும்போது என்ன உடுத்துகிறார்கள் என்று பார்த்துவருவதற்காக விமானம் ஏறிய தென்காசிப் பெண்கள் நானும் ஜமீலாவும் மட்டுமாகத்தான் இருப்போம். கேட்டவர்களிடமெல்லாம் வியாபார விஷயமாகப் பிரான்ஸ் போகிறோம் என்று சொல்லிவைத்தோம். என்ன வியாபாரம் என்று கேட்டால் துணி என்போம். என்ன துணி என்று கேட்டால் பேச்சை மழைக்குத் திருப்பிவிடுவோம்.

விஷயம் இதுதான். தென்காசியிலிருந்து மேலகரம் போகிற வழியில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு தையல் கூடம் நடத்துகிறோம். ஜமீலா கடையநல்லூர்க்காரி, பி.காம். படித்தவள், இங்கிலீஷ் பேசுவாள். எனக்குத் துணி பேசும். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் சீருடை தைப்போம். அது முடிந்தால் வேலை இல்லை. எங்கள் பெண்கள் தையல் மிஷினை மூடிவைத்துவிட்டுப் பழையபடி பீடித் தட்டை மடியில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். வருஷம் பூராவும் வேலை கொடுக்க எங்களுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. அப்போதுதான் திருப்பூர் ஆள் ஒருவர் மூலமாக இசபெல் வந்தாள். பிரான்சில் ஆண்களுக்கான நீச்சல் டவுசர் விற்கிற சின்னக் கம்பெனி அவளுடையது. எங்களிடம் மாதிரி கேட்டாள், தைத்து அனுப்பினோம். தையல் பிரமாதம், ஆனால் ஒரு குறை இருக்கிறது, அதைக் கண்ணால் பார்த்தால்தான் புரியும், நேரில் வாருங்கள் என்று பதில் எழுதினாள்.

என்ன குறை என்று எங்களுக்குப் பிடிபடவே இல்லை. பிடிபடாததற்குக் காரணம் இருந்தது. ஆம்பிளை உடுப்பைத் தைத்தோமே தவிர, அதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்க ஓர் ஆம்பிளையைத் தேடவில்லை. என் வீட்டுக்காரர் முருகேசன், விதைக்கடை வைத்திருக்கிறவர், மாதிரியை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்தே சரியாக இருக்கிறது என்று குரல் கொடுத்தார். வெளியே வந்தது வேட்டியில். அதுதான் எங்கள் தரப் பரிசோதனை.

போகிற வழியில் துபாயில் ஒரு நாள் தங்கினோம். ஜமீலாவைக் கட்டின மாப்பிள்ளை ரஹீம் அங்கே ஒரு கடையில் வேலை பார்க்கிறார். நாங்கள் வருகிறோம் என்று லீவு போட்டு, பிரியாணி வாங்கிக் கொடுத்து, கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அந்த ஒரே மணலில் பத்து நாட்டு ஆண்கள் இருந்தார்கள். அரபிகள் முழங்காலுக்குக் கீழே தொங்குகிற டவுசர். வெள்ளைக்காரர்களில் சிலர் கைக்குட்டை அளவுக்கு ஒன்று. நம் ஊர்ப் பையன்கள் ஜீன்ஸ் பேன்ட்டோடும் பெல்ட்டோடும் அலையில் குதித்துக்கொண்டிருந்தார்கள். தொப்புளிலிருந்து முழங்கால் வரைக்கும் மறைத்தால்தான் எங்களுக்கு மனசு ஒப்பும் என்று ரஹீம் விளக்கினார். அவருடைய டவுசர் முழங்காலுக்குக் கீழேயும் ஒரு சாண் கூடுதல்.

ஜமீலா முதலில் தலையைக் குனிந்தபடியே நடந்தாள். கொஞ்ச நேரத்தில் தொழில் புத்தி வந்துவிட்டது. போகிற வருகிறவர்களின் இடுப்பையெல்லாம் கண்கொட்டாமல் பார்க்க ஆரம்பித்தாள். ரஹீமுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஊர்லேர்ந்து வந்து என்னைய ஒழுங்கா ஒரு தடவ பாத்தியா? வாரவன் போறவனையெல்லாம் பாக்க" என்றார்.

"நான் ஆளப் பாக்கல. இடுப்புப் பட்டியப் பாக்குதேன்" என்றாள் ஜமீலா. எலாஸ்டிக்கில் எத்தனை வரிசைத் தையல் ஓடுகிறது என்பதைத்தான் அவள் நிஜமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டின பெண்டாட்டி வந்த ஒரு நாளில் இதைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ரஹீமைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இசபெல்லின் ஊர் பிரான்சின் மேற்குக் கடற்கரையில் இருக்கிறது. நல்ல காற்று, நல்ல வெயில், சாப்பாடுதான் சோதனை. முதல் நாளே எங்களைக் கௌரவிப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு தட்டு நிறையச் சிப்பி வைத்தாள். பச்சைச் சிப்பி. எலுமிச்சை பிழிந்ததும் அது லேசாக நெளிந்தது. எனக்கு மீன் பிடிக்கும், ஆனால் மீனுக்கு என்னைப் பிடிக்க அவகாசம் கொடுத்துச் சாப்பிடுகிற வழக்கமில்லை. ரொட்டியும் வெண்ணெயும் எடுத்துக்கொண்டேன். அறைக்குத் திரும்பியதும் பெட்டியைத் திறந்து பருப்புப் பொடியை எடுத்தோம். அந்த ஊர் நீள ரொட்டியில் நல்லெண்ணெயும் பருப்புப் பொடியும் வைத்துத் தின்றால் அமிர்தமாக இருக்கிறது என்பது இந்தப் பயணத்தில் நாங்கள் கண்டுபிடித்த முதல் உண்மை.

மறுநாள் காலையில் ஊர்ப் பொது நீச்சல் குளத்துக்கு இசபெல் கூட்டிப்போனாள். அங்கே ரெமி காத்திருந்தான். முப்பது வயது இருக்கும். அலைச்சறுக்கு சொல்லிக்கொடுப்பது அவன் தொழில், இசபெல்லின் டவுசர்களையெல்லாம் போட்டுப் பார்த்துச் சான்று சொல்வது உபதொழில். நாங்கள் தைத்த டவுசரைப் போட்டுக்கொண்டு வந்தான். எனக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. வாசலிலேயே காவலர் அவனை நிறுத்திவிட்டார். தொளதொள டவுசருக்கு உள்ளே அனுமதி கிடையாதாம். உடம்போடு ஒட்டிப் பிடிக்கிற ஜட்டி மட்டும்தான் போடலாமாம்.

எங்கள் ஊரில் நேர்மாறாக இருக்கும் என்று ஜமீலா காவலரிடம் சொன்னாள். அவர் பொறுமையாகக் காரணம் சொன்னார். தொளதொள டவுசரோடு தெருவில் நடப்பீர்கள், பஸ்ஸில் உட்காருவீர்கள், அந்த அழுக்கெல்லாம் குளத்துக்கு வரும். ஒட்டின ஜட்டியோடு எந்த மனிதனும் தெருவில் நடக்க மாட்டான் இல்லையா என்று கேட்டார். பாவம், குற்றாலத்தைப் பார்க்காத மனிதர்.

ரெமி உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ஜட்டிக்கு மாறிவந்தான். தலைக்கு எல்லாரும் ரப்பர் தொப்பி போட வேண்டும் என்பது இன்னொரு சட்டம். முடியே இல்லாத ஒரு பெரியவரும் முடி உதிராமல் இருக்கத் தொப்பி போட்டிருந்தார். சுவரில் ஒரு பலகை இருந்தது. போடக்கூடாத உடுப்புகளைப் படம் வரைந்து சிவப்புக் கோடு அடித்திருந்தார்கள். ஜமீலா அதன் முன்னால் வெகு நேரம் நின்றாள்.

"பாத்தியாக்கா, உன் டவுசரையும் என் உடுப்பையும் பக்கத்துப் பக்கத்துல போட்டு அடிச்சிருக்கான்" என்றாள். உண்மைதான். தலையிலிருந்து கால் வரை மூடின பெண் படம் ஒன்று, பக்கத்தில் முழங்கால் டவுசர் ஆண் படம் ஒன்று. மூடினாலும் குற்றம், தொங்கினாலும் குற்றம். எதை மறைப்பது மானம் என்பதை ஒவ்வோர் ஊரும் தன்னிஷ்டத்துக்கு முடிவு செய்துகொண்டு, அதைச் சுகாதாரம் என்றும் ஒழுக்கம் என்றும் பெயர் சொல்லிக்கொள்கிறது என்று எனக்கு அப்போது தோன்றியது.

குளத்தில் காலை வைக்க விடாத அதே டவுசருக்குக் கடலில் ராஜ மரியாதை. மறுநாள் கடற்கரையில் ஒட்டின ஜட்டி போட்டவர்கள் தாத்தாக்கள் மட்டும்தான். மற்ற எல்லாருக்கும் தொளதொள டவுசர். ரெமி எங்கள் டவுசரோடு அலைக்குள் ஓடினான். இசபெல் எங்களை ஈர மணலில் நிறுத்திவைத்து, கடலிலிருந்து வெளியே வருகிற ஆண்களின் கையைப் பாருங்கள் என்றாள்.

பார்த்தோம். தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து வருகிற ஒவ்வோர் ஆணுக்கும் ஒரு கை இடுப்பில் இருந்தது. சிறுவன், கிழவன், கட்டுமஸ்தான ஆள், தொப்பைக்காரர், எல்லாரும் டவுசரின் பட்டியைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறினார்கள். எவருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. அத்தனை பேரும் பழகிப்போயிருந்தார்கள்.

ரெமியும் ஒரு கையால் பட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தான். பிறகு திரும்பிப் போய்ப் பெரிய அலை ஒன்றை வாங்கினான். அலை போனபோது ரெமி நின்றான், டவுசர் முழங்காலில் நின்றது. ஜமீலா வானத்தைப் பார்த்தாள். நான் பார்வையை விலக்கவில்லை. என் தையல் தோற்பதை நான்தானே பார்க்க வேண்டும்?

இசபெல் எங்களைக் கோபித்துக்கொள்ளவில்லை. மற்ற கம்பெனிகளின் டவுசரும் இப்படித்தான், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கரையேறுகிற மாதிரி ஒன்றைத் தைப்பவர்களுக்குத்தான் அடுத்த வருஷ வேலை முழுவதும் என்றாள். வேறொரு நாட்டுக் கம்பெனியும் மாதிரி தைக்கிறதாம். ஆடி மாதவாக்கில் ரெமி திருப்பூருக்கு வருகிறான், அப்போது உங்கள் ஊருக்கு அனுப்புகிறேன், இரண்டு டவுசரையும் ஒரே தண்ணீரில் போட்டுப் பார்க்கட்டும், இடுப்புக்குக் கை போனால் நான் அந்தப் பக்கம் போய்விடுவேன் என்று சொல்லி, இருவருக்கும் கன்னத்தோடு கன்னம் வைத்து விடைகொடுத்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மனசு சரியில்லை. இன்னும் நாலு இடுப்பைப் பார்த்தால் ஏதாவது யோசனை வரும் என்று நாங்களாகவே ஒரு பஸ்ஸில் ஏறினோம். எங்கே இறங்க வேண்டும் என்று ஓட்டுநரிடம் ஜமீலா கேட்டாள். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார், நாங்கள் தலையாட்டினோம். கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டுப் பஸ் போய்விட்டது. சவுக்கு மாதிரியான மரங்களுக்கு நடுவே மணல் பாதை போனது. நான் சுங்கடிச் சேலையில், ஜமீலா முக்காடோடு. மணல் மேட்டைத் தாண்டினால் கடல். கடற்கரை நிறைய ஜனம். ஒருவர் உடம்பிலும் நூல் கிடையாது.

ஜமீலா சட்டென்று நின்று, "அக்கா, நம்ம ஆராய்ச்சிக்கு இங்கன ஒண்ணும் இல்ல, திரும்பு" என்றாள். திரும்பினால் வழியில் ஒரு பெரியவர் பேப்பர் படித்தபடி உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடியும் ஓலைத் தொப்பியும் மட்டும் போட்டிருந்தார். எங்களைக் கண்டதும் மரியாதையாக எழுந்து, தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார். கழற்றுவதற்கு அவரிடம் அது ஒன்றுதான் பாக்கி இருந்தது. பஸ் எப்போது என்று ஜமீலா மரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். அவர் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு அழகாகப் பதில் சொன்னார். நாங்கள்தான் அங்கே அளவுக்கு மீறி உடுத்திக்கொண்டு வந்த அநாகரிகக்காரர்கள். அப்படியும் அவர் எங்களைக் கேலி செய்யவில்லை. நல்ல மனிதர். ஆனால் எங்களுக்கு வாடிக்கையாளர் ஆக மாட்டார்.

ஊருக்கு வந்ததும் தையல் கூடத்துப் பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். நடந்ததையெல்லாம் சொன்னேன். அம்மணக் கடற்கரையை மட்டும் மூன்று தடவை சொல்லச் சொன்னார்கள். சிரித்து முடித்த பிறகு மிஷின் ஓட்டுகிற இசக்கியம்மாள், "அப்பம் வேலை வருமா வராதாக்கா?" என்று கேட்டாள். அவளுக்குப் பீடிப் புகையிலைத் தூள் ஒத்துக்கொள்ளாது. சீருடை முடிந்து தட்டை எடுத்தாளானால் அடுத்த சீருடை வரைக்கும் இருமல்தான். ரெமியின் கை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றேன்.

இந்தத் தடவை தண்ணீரில்லாமல் பரிசோதனை கிடையாது என்று முடிவு செய்தோம். பட்டியை இறுக்கினோம், எலாஸ்டிக்கை இரட்டையாக்கினோம், தண்ணீர் தேங்காமல் ஓடிப்போகப் பைகளுக்கு அடியில் வலை வைத்தோம். என் வீட்டுக்காரருடைய சிநேகிதருக்குச் சுந்தரபாண்டியபுரத்தில் வயல் இருக்கிறது. அங்கே பம்புசெட்டுத் தொட்டிக்கு வீட்டுக்காரரையே கெஞ்சிக் கூட்டிப்போனோம். அது சூரியகாந்தி பூத்திருக்கிற சமயம். பூவோடு போட்டோ எடுக்கக் கார் காராக வந்து நின்றது கூட்டம்.

அவர் குழாய்க்கு நேரே நின்றார். தண்ணீர் முதுகில் இறங்கியதும் கை தானாக இடுப்புக்குப் போனது. கையை எடுங்க என்று நான் வரப்பிலிருந்து கத்தினேன். எடுத்தார். டவுசர் போய்விட்டது. ஆனால் மானம் போகவில்லை, உள்ளே வழக்கமான ஜட்டி போட்டிருந்தார்.

"பூப் பாக்க வந்த கூட்டம் பூரா என்னையப் போட்டோ எடுத்துட்டுப் போவுது. நாளைக்கி வெதக்கடையில நான் எப்படிடி உக்காருவேன்?" என்றார். நான் அவருக்குச் சமாதானம் சொல்லாமல் அழுதுவிட்டேன். எலாஸ்டிக்கை அதற்கு மேல் இறுக்கினால் மூச்சு விட முடியாது. எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் தீர்ந்துவிட்டது.

அடுத்த நாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கொடியில் அவருடைய ஜட்டிகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் பட்டிக்குக் கீழே, வெளிப்பக்கத்தில், மங்கலாக ஒரு சிவப்புக் கோடு. கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சாயத்துக்காக அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் இடுப்பில் கட்டியிருக்கிற அரணாக்கயிற்றின் சாயம் அது. சிவப்புக் கயிறு, வருஷத்துக்கொரு தடவை கோயிலில் வாங்கி மாற்றுவார். ஈரக் கையோடு அப்படியே நின்றேன். கயிற்றின் சாயம் வெளிப்பக்கத்தில் எப்படி வரும்? கயிறு ஜட்டிக்கு மேலே கிடந்தால்தானே?

உள்ளே ஓடினேன். முந்தின நாள் தொட்டியில் டவுசர் போனதே, ஜட்டி ஏன் போகவில்லை என்று கேட்டேன். அவர் கூச்சத்தோடு சொன்னார். தண்ணீரில் இறங்கும்போது கயிற்றை ஜட்டிக்கு மேலே எடுத்துவிட்டு, பட்டியை அதன்மேல் ஒரு மடிப்பு மடித்துவிடுவாராம். எல்லா ஆம்பிளைகளும் அப்படித்தான் செய்வார்களாம். குற்றாலத்தில் பெரிய அருவியே விழுந்தாலும் நகராதாம்.

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கேக்கவே இல்லையேட்டி" என்றார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவளுக்கு வேறென்ன பதில் கிடைக்கும்? பிரான்ஸ் வரைக்கும் போய் ஊரார் இடுப்பையெல்லாம் பார்த்தேன், வீட்டு இடுப்பைப் பார்க்கவில்லை.

அன்றே தைத்தோம். எலாஸ்டிக்கைத் தளர்த்தினோம். அதற்குக் கீழே தனியாக ஒரு துணிக் குழல் வைத்து, இடுப்பைச் சுற்றி முழு வட்டமாக ஓடுகிற மாதிரி உருண்டைக் கயிறு கோத்தோம். டவுசரோடு அதை எங்கேயும் சேர்த்துத் தைக்கவில்லை. பட்டியை அதன்மேல் ஒரு மடிப்பு மடித்துவிட்டால் போதும், துணி எவ்வளவு ஊறினாலும் பாரம் கயிற்றில் நிற்கும், கயிறு இடுப்பெலும்பில் நிற்கும். கயிற்றுக்குச் சிவப்பு நிறமே வைத்தோம், சாயம் போகாத சிவப்பு. பம்புசெட்டில் நின்றது. ஆனால் பம்புசெட்டு அலை ஆகாது. ரெமி எந்தத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பான் என்று இசபெல் கேட்டு எழுதியபோது, ஜமீலா இரண்டே சொல்லில் பதில் போட்டாள். எங்கள் அருவியில்.

ஆடிச் சாரலில் ரெமி வந்து இறங்கினான். திருப்பூர் வெயிலில் வாடி வந்தவன் தென்காசிக் காற்றில் கையை விரித்துக்கொண்டு நின்றான். எல்லாம் நன்றாக அமைந்தது, அருவியைத் தவிர. மலையில் மழை கொட்டி வெள்ளம் பெருகிவிட்டது என்று அன்று குளிக்கத் தடை. பாலத்தில் நின்று பார்த்தோம். தண்ணீர் செம்மண் நிறத்தில் பாறையை இடித்துக்கொண்டு விழுந்தது. இவ்வளவு வேண்டாம் என்றான் ரெமி. மறுநாள் மதியம் அவன் கிளம்பியாக வேண்டும்.

சாயங்காலம் புளியறைப் பக்கம் ரொட்டிக் கடைக்குக் கூட்டிப்போனோம். கேரளாவுக்குப் போகிற லாரிகள் வரிசையாக நின்றன. பிய்த்துப்போட்ட புரோட்டாவும் நாட்டுக்கோழியும் ரெமிக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. ஜமீலா ஒன்றும் சாப்பிடவில்லை. தண்ணீர் குறையணும் என்று துஆ கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாள். நான் குற்றாலநாதருக்குச் சொல்லிவைத்தேன். ஆளுக்கொரு பக்கம் சொல்லிவைப்பது எங்கள் கூட்டு வியாபாரத்தில் ஒரு வசதி.

விடிந்ததும் என் வீட்டுக்காரர் அருவிக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். குளிக்க விட்டுவிட்டார்கள், உடனே வாருங்கள் என்றார். தண்ணீர் தெளிந்திருந்தது, வேகம் குறையவில்லை. பெண்கள் பக்கம் தனி, ஆண்கள் பக்கம் தனி. நானும் ஜமீலாவும் பாலத்தில் நின்றுகொண்டோம். சாரலில் என் மூக்குக் கண்ணாடி நனைய நனையத் துடைத்தேன்.

ரெமிக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. இந்தியாவில் உடம்பைக் காட்டக்கூடாது என்று எவரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இங்கே வந்து பார்த்தால் ஜட்டியோடு ஒரு கூட்டம், துண்டோடு ஒரு கூட்டம், கோவணத்தோடு இரண்டு பெரியவர்கள், தார்ப்பாய்ச்சிக் கட்டின கைலி, பள்ளிக்கூட டவுசர், பேன்ட்டு. தலையில் துண்டும் இடுப்பில் ஈர ஜட்டியுமாக நடுத்தெருவில் நின்று மிளகாய் பஜ்ஜி தின்கிறார்கள். தொப்பையும் ஆபரேஷன் தழும்பும் காற்றில் காய்கின்றன, ஒருவரையொருவர் ஏறிட்டுப் பார்க்கிறவர் கிடையாது. அந்த நீச்சல் குளத்துக் காவலரை ஒரு தடவை கூட்டிவந்து இங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. சுற்றிவந்த நாட்டிலெல்லாம் இப்படி ஒரு சுதந்திரத்தை நான் பார்க்கவில்லை. சட்டம் போட்டு உடுத்துகிற ஊரையும் சட்டம் போட்டு அவிழ்க்கிற ஊரையும் பார்த்தாகிவிட்டது. இங்கே குளிக்க வந்தவனுக்குக் குளிப்பது ஒன்றுதான் வேலை.

முதலில் மற்ற கம்பெனியின் டவுசர். பட்டை எலாஸ்டிக்கும் பளபளப்பான முடிச்சுமாகப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் ரெமியின் கையைப் பிடித்துக் கூட்டத்துக்குள் கூட்டிப்போய் அருவியில் நிறுத்தினார். நின்ற நொடியே ரெமியின் இரண்டு கையும் இடுப்புக்குப் போயின. பிறகு பாறை வழுக்கி, விழாமலிருக்கக் கம்பியைப் பிடித்தான். அவ்வளவுதான். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த மீசைக்காரர் ஒருவர், முகத்தைக்கூடத் திருப்பாமல், தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் இடுப்பில் சுற்றிவிட்டார்.

"வெறும் ரப்பர நம்பி அருவிக்கி வரலாமா தம்பி? ஒரு கயிறு கெட்டிட்டு வரப்படாதா?" என்று அவர் சொன்னதாக என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். அதைப் பிரெஞ்சில் எழுதி எங்கள் கூடத்தில் மாட்டலாம் என்றாள் ஜமீலா.

இப்போது எங்கள் முறை. துண்டுக்குள்ளேயே உடை மாற்ற ரெமிக்கு என் வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தார். இரண்டு தடவை தடுமாறி, மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டான். சிவப்புக் கயிற்றை இழுத்து முடிந்தான். பட்டியை அதன்மேல் மடித்துவிட்டான். தண்ணீர் எங்கே கனமாக விழுகிறதோ அந்த இடத்துக்குப் போனான். அங்கே எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்குகிற முதுகுகளுக்கு நடுவே மறைந்துவிட்டான்.

ஜமீலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளைத் தண்ணீரும் கறுத்த தலைகளும்தான் தெரிந்தன. போலீஸ்காரர் விசில் ஊதி ஆட்களை மாற்றிவிட்டார். ஒரு கூட்டம் வெளியே வந்தது, அதில் அவன் இல்லை. இன்னும் உள்ளேதான் நிற்கிறான். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறானோ? இசக்கியம்மாளின் இருமல் என் காதில் கேட்டது. நாம் தோற்றால் அவளிடம் எப்படிச் சொல்லுவேன் என்று வாக்கியம் கூட்டிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் விலகியது. முதலில் என் வீட்டுக்காரர் வந்தார், முகம் பூராவும் சிரிப்பு. பின்னாலேயே ரெமி. தண்ணீரின் பாரத்துக்குத் தலைக்கு மேலே சேர்த்துப் பிடித்திருந்த இரண்டு கைகளையும் பிரித்தான். கீழே இறக்கவில்லை. அப்படியே மேலே தூக்கிக்கொண்டு, பாலத்தில் நின்ற எங்களைப் பார்த்து ஆட்டியபடி நடந்து வந்தான். ஊறின துணி தொடையில் ஒட்டியிருந்தது. பட்டி, நாங்கள் வைத்த இடத்தில் இருந்தது. மீசைக்காரர் அவன் இடுப்பைப் பார்த்து, கயிற்றைக் கண்டு, சரிதான் என்று தலையாட்டினார். இசபெல்லின் சான்றிதழைவிட எனக்கு அந்தத் தலையாட்டல் பெரிதாக இருந்தது.

ரெமி அந்த ஈர டவுசரோடேயே நடுத்தெருவுக்கு வந்து மிளகாய் பஜ்ஜி கேட்டான். ஒரு கையில் பஜ்ஜி, மறு கையில் போன். இசபெல்லிடம் வெகு நேரம் பிரெஞ்சில் பேசினான். பிறகு போனை ஜமீலாவிடம் கொடுத்தான். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், கண் நிறைந்துகொண்டே வந்தது. எனக்குப் பிரெஞ்சும் வேண்டியிருக்கவில்லை, இங்கிலீஷும் வேண்டியிருக்கவில்லை.

அதற்குள் என் போன் அடித்தது. தையல் கூடத்திலிருந்து இசக்கியம்மாள். பின்னால் மிஷின் சத்தம் ஒன்றும் இல்லை, எல்லாரும் நிறுத்திவிட்டு அவளைச் சுற்றி நிற்கிறார்கள் என்று தெரிந்தது. வேலை வந்ததா என்று அவள் கேட்கவில்லை.

"யக்கா, கை எங்கன இருந்துச்சு?" என்றாள்.

"ரெண்டும் மேலதாம்ட்டி" என்றேன்.